பூஞ்சை நிமோனியாவும் படிவத்தில் விடுபட்ட ஒரு வரியும்

எங்கள் ஆய்வகத்துக்குச் சளி, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், திசுத்துணுக்கு என்று எது வந்தாலும் அதனோடு ஒரு படிவமும் வரும். நோயாளியின் வயது, வார்டு எண், வேண்டிய பரிசோதனை ஆகியவை அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். 'நோய் விவரம்' என்ற இடத்தில் மட்டும் 'காய்ச்சல், இருமல், டி.பி.?' என்ற மூன்று சொற்களுக்கு மேல் இருப்பது அரிது. அந்த நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்கிறது என்றோ, இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது என்றோ, மூட்டுவாத நோய்க்காக ஆறு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்றோ யாரும் எழுதுவதில்லை. நுண்ணுயிரியல் மருத்துவராகப் பல ஆண்டுகளாக அந்தப் படிவங்களைப் பார்த்துவரும் எனக்கு, அந்த ஒரு வரி இருந்தால் எந்தச் சாயத்தை எடுப்பது, எந்த ஊடகத்தில் வளர்ப்பது, எத்தனை நாள் காத்திருப்பது என்பதெல்லாம் மாறிவிடும் என்று தெரியும். அந்த வரி விடுபட்டுப் போனதால் என் சித்தப்பாவுக்கு வந்த நிமோனியா பதினெட்டு நாள் பெயர் தெரியாமலே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, சித்தி தந்த சிறுநீரகம் பொருத்தப்பட்டு இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அறுவைக்குப் பிறகு முதல் ஓராண்டு, நுரையீரல் தொற்று வராமலிருக்க, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்து, பின்னர் நிறுத்தியிருந்தார்கள். அது வழக்கமான நடைமுறைதான். அதன்பின் அவருடைய உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியதால், மூன்று நாள் நரம்பு வழியாக மெத்தில்பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டீராய்டு மாத்திரையின் அளவையும் கூட்டியிருந்தார்கள். எதிர்ப்பாற்றலை இவ்வாறு மறுபடி அழுத்தும்போது, நிறுத்திய தடுப்பு மாத்திரையையும் மறுபடி தொடங்க வேண்டும். அது நடக்கவில்லை. குடும்பத்தில் ஒரு மருத்துவர் இருந்தும் நானும் அதைக் கேட்கத் தவறினேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பாவுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. மாலையில் காய்ச்சல் வந்துபோனது. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று தொலைபேசியில் சொன்னார். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து நாள் ஒரு ஆன்டிபயாட்டிக், அது கேட்காததால் இன்னொன்று என்று கொடுத்தார்கள். சளியே வராத மனிதரிடம் சளி கேட்டார்கள்; அவர் துப்பிய எச்சில், மாற்றுச் சிறுநீரகம் பற்றிய அந்த வரி இல்லாத படிவத்தோடு பரிசோதனைக்குப் போனது; அதில் காச நோய்க் கிருமி இல்லை என்று வந்தது. ஆனாலும் 'டி.பி.யாக இருக்கலாம்' என்று நான்கு மருந்துகள் அடங்கிய காச நோய்ச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, சிறுநீரகத்தைக் காப்பதற்காக அவர் சாப்பிட்டுவந்த டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் வேகமாகக் குறைக்கும். உறுதி செய்யப்படாத ஒரு நோய்க்கான மருந்து, சித்தி கொடுத்த சிறுநீரகத்தையே ஆபத்தில் தள்ளியது.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அவரை நாற்காலியில் உட்காரவைத்து விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். 95 காட்டியது. அதைக் கழற்றாமலே கூடத்துக்கும் வாசலுக்குமாக நான்கு முறை நடக்கச் சொன்னேன். மூன்றாவது சுற்றிலேயே 87க்கு இறங்கிவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் நெஞ்சில் குறிப்பிடத்தக்க சத்தம் எதுவும் இல்லை. நெஞ்சில் கேட்பதற்கு எதுவும் இல்லாமல், எக்ஸ்ரேயிலும் பெரிதாக எதுவும் தெரியாமல், நடந்தால் மட்டும் ஆக்சிஜன் சரிவது நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை உண்டாக்கும் நிமோனியாவின் முகம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது வாரக்கணக்கில் மெதுவாக வளரும். மாற்று உறுப்பு பெற்றவர்களிடமும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களிடமும் பெரும்பாலும் நாள்கணக்கில் முற்றிவிடும்.

அன்று மாலையே அவரை உறுப்புமாற்றுச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் சேர்த்தோம். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் நடுப்பகுதியிலும், குளியலறைச் சன்னலுக்குப் போடும் மங்கலான கண்ணாடியை வைத்து மூடியதுபோல ஒரு வெண்மங்கல் பரவியிருந்தது; இரத்தக்குழாய்களின் கோடுகள் அதனூடே தெரிந்துகொண்டிருந்தன. செல்கள் சிதையும்போது வெளிவரும் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு இரத்தத்தில் உயர்ந்திருந்தது. பல பூஞ்சைகளின் செல்சுவரில் இருக்கும் பீட்டா டி குளுக்கான் என்னும் கூட்டுச்சர்க்கரைப் பொருளை அளக்கும் பரிசோதனைக்கும் இரத்தம் அனுப்பினார்கள். நியூமோசிஸ்டிஸைப் பொறுத்தவரை அந்தப் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. 'உண்டு' என்று வந்தால், சிலவகை டயாலிசிஸ் சவ்வுகளும், நரம்பு வழி ஏற்றிய இம்யூனோகுளோபுலினும், அறுவையில் வைத்த பஞ்சுத்துணியும்கூட அதைப் பொய்யாக உயர்த்தியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

மறுநாள் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்து, நுரையீரலின் ஒரு கிளைக்குள் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுத்த நீரை எங்கள் ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, வெள்ளிச்சாயம் ஏற்றினேன். பச்சைப் பின்னணியில், நுரைத்த பொருளுக்கு நடுவே, கருத்த விளிம்புடைய வட்டங்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சிவப்பணுவின் அளவு. சில முழுவட்டமாகவும், சில காற்றுப்போன பந்துபோல ஒருபக்கம் குழிந்தும் இருந்தன. சிலவற்றின் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தது. பதினெட்டு நாள் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றை ஒரு தகடு முடிவுசெய்த நேரம் அது. அந்தத் தகட்டின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது சித்தப்பாவின் பெயர் என்பதால், உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று.

இந்தப் பூஞ்சையைத் தட்டில் வளர்க்க முடியாது. ஆகவே 'கல்ச்சரில் எதுவும் வளரவில்லை' என்ற அறிக்கை இதை விலக்கவே விலக்காது. சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும், அல்லது ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு தேட வேண்டும், அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். செய்ய வேண்டும். எச்.ஐ.வி. இல்லாதவர்களின் நுரையீரலில் இந்தக் கிருமிகள் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே இருந்துகொண்டு கடும் நோயை உண்டாக்குவதால், சாயத்தில் தப்பிவிடுவது பி.சி.ஆரில் சிக்கலாம். ஆனால் நோய் எதுவும் உண்டாக்காமல் நுரையீரலில் சும்மா குடியிருக்கும் கிருமியையும் பி.சி.ஆர். காட்டிவிடும். எனவே ஸ்கேன், ஆக்சிஜன், குளுக்கான் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதன் விடையை எடைபோட வேண்டும். படிவத்தில் நோயாளியின் நிலை எழுதப்படாவிட்டால் இந்தத் தேர்வுகளில் எதையும் ஆய்வகம் தானாகச் செய்யாது.

தகட்டின் விடை வருவதற்கு முந்திய இரவே அவருக்கு மருந்து தொடங்கியிருந்தார்கள். அது மிகச் சரியான முடிவு. மருந்து தொடங்கிப் பல நாள் ஆன பிறகும் நியூமோசிஸ்டிஸின் கூடுகள், அதாவது தகட்டில் கண்ட அந்த வட்டங்கள், நுரையீரல் நீரில் தெரியும் என்பதால், மாதிரி எடுக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டிய தேவை இந்த நோயில் இல்லை. மருந்து, பல ஆண்டுகளாக எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் அதே கோட்ரைமாக்சசோல்தான். ஆனால் அளவு முற்றிலும் வேறு. டிரைமெத்தோப்ரிம் என்ற பாகத்தைக் கொண்டு கணக்கிட்டு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். சிறுநீரகம் நன்றாக வேலைசெய்யும் 60 கிலோ மனிதருக்கு, 160 மில்லிகிராம் டிரைமெத்தோப்ரிம் கொண்ட பெரிய மாத்திரையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆறு முதல் ஏழரை வரை ஆகும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இருபத்தொரு நாள். மற்றவர்களுக்குப் பதினான்கு முதல் இருபத்தொரு நாள். சிறுநீரகத்தின் திறனைப் பொறுத்து இதைக் குறைக்க வேண்டியிருப்பதால், யாரும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுத் தாமாகச் சாப்பிடக் கூடாது.

எச்.ஐ.வி. உள்ளவர்களில், தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால், மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்க்கப்படுகிறது. செத்து விழும் கிருமிகளுக்கு எதிராக நுரையீரலில் எழும் அழற்சியே மூச்சை அடைக்கும் என்பதால் அது உயிர் காக்கிறது. பிரட்னிசொலோன் வேளைக்கு 40 மில்லிகிராமாக இருவேளை ஐந்து நாள், பிறகு ஒருவேளையாக ஐந்து நாள், பிறகு 20 மில்லிகிராமாகப் பதினொரு நாள் என்பது அதன் வரிசை. ஏற்கெனவே ஸ்டீராய்டில் இருக்கும் சித்தப்பா போன்றவர்களுக்கு அதை எவ்வளவு கூட்டுவது என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

மூன்றாம் நாள் அவருக்கு ஆக்சிஜன் தேவை கூடியது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து மாறிப்போய்விட்டதா என்று கேட்டார். இந்த நிமோனியாவில் முதல் சில நாள் நிலைமை மோசமாவது வழக்கம் என்பதையும், ஒரு வாரத்துக்குள் மருந்து தோற்றுவிட்டது என்று தீர்மானிப்பது அவசரம் என்பதையும் அவருக்கு விளக்கினேன். சொல்வது எளிது; தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று நம்புவது எளிதன்று. ஐந்தாம் நாள் பொட்டாசியம் 5.8க்கு ஏறியது. டிரைமெத்தோப்ரிமும் பொட்டாசியத்தை உயர்த்தும்; டாக்ரோலிமசும் உயர்த்தும். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் சற்று உயர்வதும், சிறுநீரகம் கெடாமலேயே, அதை வெளியேற்றும் வழியை டிரைமெத்தோப்ரிம் அடைப்பதால் நேரலாம். எதிர்ப்பாற்றலை அழுத்தும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட்டைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ரிஃபாம்பிசினை விட்ட பிறகும் அதன் தாக்கம் கல்லீரலில் இரண்டு வாரம்வரை நீடிக்கும் என்பதால், டாக்ரோலிமஸ் அளவை அடிக்கடி பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். ஒன்பதாம் நாள் அவர் முகமூடி இல்லாமல் இட்லி சாப்பிட்டார்.

இந்த உயிரி பூஞ்சை என்றாலும், பூஞ்சைகளுக்கான பொதுவான மருந்துகள் இதன்மேல் வேலை செய்யா. ஆம்ஃபோடெரிசினும் 'அசோல்' வகை மருந்துகளும் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இதன் சவ்வில் இல்லை. நீண்ட காலம் இதைப் புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிரி வகை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1988ல்தான் மரபணு வரிசையை ஒப்பிட்டு இது பூஞ்சை என்று நிறுவினார்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிசில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததைப் பதிவு செய்தது. எய்ட்ஸ் பற்றி உலகம் அறிந்த முதல் எழுத்து அதுதான். ஐந்து ஆண்டு கழித்து, 1986ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. இந்த நிமோனியாவைக் கண்டவுடன் 'இவருடைய எதிர்ப்பாற்றலுக்கு என்ன ஆயிற்று' என்று கேட்கும் பழக்கம் மருத்துவத்துக்கு அந்தக் காலத்தில் வந்தது. இன்றும், முன்பு எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு இது வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையை அன்றே செய்ய வேண்டும்.

அந்தக் கேள்வியைச் சற்று நுட்பமாகக் கேட்டால், எந்தப் பூஞ்சையைத் தேட வேண்டும் என்பதற்கும் அதுவே வழிகாட்டும். எதிர்ப்பாற்றல் என்று ஒற்றைச் சொல்லால் நாம் சொல்வது பல படைகளின் கூட்டு. எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளணுக்களான சி.டி.4 செல்கள் குறைந்தால் நியூமோசிஸ்டிசும் கிரிப்டோகாக்கசும் நுழைகின்றன, எச்.ஐ.வி. உள்ளவர்களில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போவதுதான் நியூமோசிஸ்டிசுக்குத் தடுப்பு மருந்து தொடங்கும் எல்லை. கீமோவுக்குப் பிறகு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கிப் பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், அஸ்பெர்ஜில்லஸ் வருகிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, இரத்தத்தில் அமிலம் சேர்ந்த நிலையில் மியூக்கர் வகைப் பூஞ்சைகள் செழிக்கின்றன. நீண்ட நாள் ஸ்டீராய்டு, கதவுகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவைக்கிறது.

அஸ்பெர்ஜில்லஸின் வித்துகள் எங்கும் இருக்கின்றன. இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ள அவற்றை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் சத்தமில்லாமல் அவற்றை அழித்துவிடுகிறது. நியூட்ரோஃபில் இல்லாத நுரையீரலில் அவை முளைத்து, இழைகளாக நீண்டு, இரத்தக்குழாயைத் துளைக்கின்றன. அந்த இடத்தில் இரத்தம் கசிவதால், ஸ்கேனில் ஒரு கட்டியும் அதைச் சுற்றி மங்கலான ஒளிவட்டமும் தெரியும். அந்த ஒளிவட்டம் முதல் வாரத்தில் தெரிந்து பிறகு மறைந்துவிடுவதால், காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்காத கீமோ நோயாளிக்கு எக்ஸ்ரேயில் காலம் கடத்தாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். சரியான மருந்து தொடங்கியும் முதல் வாரத்தில் கட்டி பெரிதாகலாம். வெள்ளணுக்கள் மீண்டுவரும்போது கட்டிக்குள் பிறைபோல ஒரு காற்றுக்கீற்றுத் தோன்றலாம். பார்ப்பவரைக் கலங்கவைக்கும் அந்தப் பிறை, உண்மையில் உடல் மீள்வதன் அடையாளம்.

இந்தப் பூஞ்சை வளரும்போது உதிர்க்கும் கேலக்டோமேனன் என்ற பொருளை இரத்தத்தில் அளக்கலாம். நியூட்ரோஃபில் குறைந்தவர்களிடம் அது நன்றாகப் பிடிபடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடமும் ஸ்டீராய்டில் இருப்பவர்களிடமும் இரத்தத்தில் அடிக்கடி தவறிவிடும் என்பதால், நுரையீரல் கழுவுநீரில் அளப்பதே நம்பகமானது. இரத்தத்தில் 'இல்லை' என்று வந்ததைக் காட்டி, நோயே இல்லை என்று முடிவுசெய்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். எந்த எதிர்ப்பாற்றல் குறைந்தது என்று தெரியாமல் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

சிகிச்சையில் பெரிய மாற்றம் 2002ல் வந்தது. அந்த ஆண்டு வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், வோரிகோனசோல் பெற்றவர்களில் 70.8 விழுக்காட்டினரும், பழைய ஆம்ஃபோடெரிசின் பெற்றவர்களில் 57.9 விழுக்காட்டினரும் பன்னிரண்டு வாரம் கடந்து உயிரோடு இருந்தார்கள். அன்றிலிருந்து அஸ்பெர்ஜில்லசுக்கு வோரிகோனசோல் முன்வரிசை மருந்து. ஐசவுகோனசோலும் போசகோனசோலும் பின்னர் அதற்கு இணையாக வந்து சேர்ந்தன. குறைந்தது ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தேவைப்படும். வோரிகோனசோலை ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு வேகத்தில் கரைப்பதால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே கொடுக்க வேண்டும்; குறைந்தால் நோய் வெல்லும், கூடினால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், கல்லீரலும் பாதிக்கப்படும். டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்கு இதைத் தொடங்கும் நாளிலேயே டாக்ரோலிமசை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ரிஃபாம்பிசினோடு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் வோரிகோனசோல் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொடங்கும் காச நோய் மருந்து, உண்மையான நோயின் மருந்தைப் பல நாளுக்குப் பயனற்றதாக்கிவிடுகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மியூக்கர் பற்றி நம் ஊரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 2021ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் 'கருப்பு பூஞ்சை' என்ற பெயரில் அது மூக்கையும் கண்ணையும் அரித்ததைக் கண்டோம்; அந்த மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது; லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் குப்பிகளுக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. அதே பூஞ்சை நுரையீரலுக்குள்ளும் வரும் என்பது மட்டும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நுரையீரலில் அது வந்தால் ஸ்கேனில் நடுவே மங்கலும் சுற்றிலும் அடர்ந்த வளையமுமாகத் தெரியலாம், இருமலில் இரத்தம் வரலாம். கேலக்டோமேனன், குளுக்கான் இரண்டுமே இதில் உயராது. வோரிகோனசோலும் இதை ஒன்றும் செய்யாது. ஆகவே இங்கே திசுவைப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

அந்தத் திசு எங்களிடம் எப்படி வந்து சேருகிறது என்பதுதான் என் நெடுநாள் மனக்குறை. அரிதாகக் கிடைக்கும் நுரையீரல் பயாப்ஸித் துணுக்கு முழுவதையும், திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் எந்தப் பூஞ்சையும் வளராது. ஒரு துண்டை ஃபார்மலினிலும் இன்னொரு துண்டை உப்புநீரிலும் போட்டு அனுப்பினால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. உப்புநீரில் வந்த துண்டை நாங்களும் அரைக்கக் கூடாது, கத்தியால் சிறு சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். தடுப்புச்சுவர் அரிதாகவே உள்ள மியூக்கரின் இழைகள் அரைத்தால் உடைந்து செத்துவிடும். நறுக்கிய ஒரு துணுக்கின்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், அரை மணி நேரத்தில் விடை தெரியலாம். அஸ்பெர்ஜில்லஸ் என்றால் சீரான அகலமும் குறுக்குச் சுவர்களும் கொண்ட இழைகள், மரக்கிளை பிரிவதுபோலக் கூரிய கோணத்தில் பிரிந்திருக்கும். மியூக்கர் என்றால் ரிப்பன்போல அகன்று, மடங்கி, முறுக்கிக்கொண்டு, ஏறத்தாழ நேர்கோணத்தில் பிரியும். இதைப் பார்த்த உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவேன், எழுத்தறிக்கைக்குக் காத்திருப்பதில்லை. ஒரு முறை மாலை ஆறு மணிக்கு அப்படிச் சொன்னதில், கீமோவில் இருந்த ஒரு நோயாளிக்கு அன்றிரவே வோரிகோனசோல் நிறுத்தப்பட்டு, லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் ஏறத் தொடங்கியது.

இந்த மருந்தோடு பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்குவதையும், கிரியாட்டினின் ஏறுவதையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் அடைபட்டு இறந்துபோன திசுவுக்குள் மருந்து போய்ச்சேராது என்பதால், முடிந்தவரை அந்தப் பகுதியை அறுவையால் அகற்ற வேண்டும். சர்க்கரையை இறக்காமல் மருந்து மட்டும் ஏற்றுவதில் பலன் மிகக் குறைவு.

கிரிப்டோகாக்கஸ் நுரையீரலில் கட்டியாகத் தெரியும்போது புற்றுநோய் என்று தவறாகக் கருதப்படலாம். இரத்தத்தில் ஆன்டிஜென் என்னும் அதன் அடையாளப் பொருளைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால், தலைவலி இல்லாவிட்டாலும், எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு முதுகுத்தண்டு நீரையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் மூளையுறையில் அது இருந்தால் சிகிச்சையே வேறு. கேண்டிடா பற்றி ஒன்றே ஒன்று: சளியில் கேண்டிடா வளர்ந்தது என்பதற்காக நிமோனியாவுக்குப் பூஞ்சை மருந்து கொடுக்க வேண்டியதில்லை. அது வாயில் குடியிருப்பது. நுரையீரலில் அது உண்மையாக நிமோனியா உண்டாக்குவது மிக மிக அரிது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ளூகோனசோல் தொடங்கி, உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடும்போதுதான் கேடு நேர்கிறது.

காச நோய் இந்த நாட்டில் உண்மையிலேயே பரவலானது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களை அது இன்னும் எளிதாகப் பிடிக்கும். பூஞ்சையும் அதுவும் ஒரே நுரையீரலில் சேர்ந்தும் இருக்கும். ஆகவே அதைச் சந்தேகிக்கும் மருத்துவரை நான் குறைசொல்லவில்லை. சந்தேகித்த அன்றே பிராங்கோஸ்கோப்பிக்கு ஏற்பாடு செய்து, ஒரே கழுவுநீரிலிருந்து காச நோய்க்கும் பூஞ்சைக்கும் சேர்த்துப் பரிசோதனை கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மூச்சுத்திணறல் கூடக்கூட அந்தக் குழாயைச் செலுத்துவது ஆபத்தாகிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியதை மூன்றாம் வாரத்தில் வென்டிலேட்டர் வைத்துத்தான் செய்ய முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஸ்டீராய்டோ உறுப்புமாற்று மருந்தோ சாப்பிடுபவரைப் புதிய மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் அந்த மருந்துகளின் பெயர்களை முதலில் சொல்லுங்கள். பிரட்னிசொலோன் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அதிலும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு நோயோ மருந்தோ சேர்ந்திருந்தால், நியூமோசிஸ்டிசுக்குத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் உயிருக்கு ஆபத்து. கீமோவில் இருப்பவர் வைக்கோல் பிரிக்கும் இடத்திலும், எரு கிளறும் இடத்திலும், சுவர் இடிக்கும் இடத்திலும் நிற்கக் கூடாது. நியூமோசிஸ்டிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காற்றில் பரவக்கூடியது. உறுப்புமாற்றுப் பிரிவுகளில் அவ்வாறு கூட்டமாகப் பரவியதும் உண்டு. அதனால் அந்த நோயாளியையும் எதிர்ப்பாற்றல் குறைந்த வேறொருவரையும் ஒரே அறையில் வைப்பது தவறு.

சித்தப்பா இருபத்தொரு நாள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். கிரியாட்டினின் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இப்போது திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் கோட்ரைமாக்சசோல் சாப்பிடுகிறார். சித்தி நாட்காட்டியில் அந்த நாள்களைப் பேனாவால் சுழித்துவைத்திருக்கிறார். எங்கள் ஆய்வகத்தின் படிவத்தில், 'நோய் விவரம்' என்பதற்குக் கீழே 'ஸ்டீராய்டு / கீமோ / மாற்று உறுப்பு / எச்.ஐ.வி. / சர்க்கரை' என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சடித்திருக்கிறோம். பொருந்துவதைச் சுற்றி வட்டமிட வேண்டும். வட்டமில்லாமல் வரும் படிவங்களுக்கு, சாயம் ஏற்றுவதற்கு முன் வார்டுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டு, நானே வட்டமிடுகிறேன்.